வாரா வாரம் ஆடும் பெஞ்சு

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூங்காவில் பார்த்ததைப் பாப்பா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? வாழ்நாள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவள் அப்பா. எங்காவது ஒரு நட்டு தளர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் அவருக்கு ராத்திரி தூக்கம் வராது. அப்படிப்பட்டவர் குளத்தோரப் பெஞ்சுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, நன்றாக இருந்த நட்டை ஸ்பேனரால் தளர்த்திக்கொண்டிருந்தார்.

திருடன் மாதிரி என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் திருடனும் அப்படித்தான் பார்ப்பான்.

காய்கறிப் பையோடு அவள் சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பினாள். போன வாரம் நாம் அவளை விட்டுவிட்டு வந்தது அந்தத் திருப்பத்தில்தான்.

பாப்பா என்றதும் சின்னப் பெண் என்று புதிதாகப் படிக்க வந்தவர்கள் நினைத்துவிட வேண்டாம். முப்பதைத் தாண்டியவள். கண்ணாடிக் கடையில் பிறருடைய பார்வையைச் சோதிப்பது வேலை. கணவன் கப்பலில் இன்ஜினியர். அவன் கடலில் இருக்கிற மாதங்களில் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகள் என்பதால் அந்தச் செல்லப் பெயரை வாங்கிக்கொள்ள வீட்டில் வேறு ஆளும் இல்லை.

சனிக்கிழமை காலையில் அவள் எழுந்து வந்தபோது அப்பா கண்ணாடி முன்னால் முகம் வழித்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் முதுகில் இஸ்திரி போட்ட சட்டை தொங்கியது.

"பூங்காவில குப்பை பொறுக்கப் போறதுக்கு இஸ்திரிச் சட்டையா?"

"சட்டைன்னா இஸ்திரி போட்டுத்தான் போடணும்."

"இப்பதானே ஷேவ் பண்ணி முடிச்சீங்க? சத்தம் கேட்டுச்சே."

"முதல் தடவை சரியா வரல."

பாப்பா தேநீரை ஒரு வாய் குடித்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று ராத்திரி முழுக்கப் புரண்டவள், சொல்லாமல் பார்ப்பது என்று விடியற்காலையில் முடிவு செய்திருந்தாள். "நானும் வரேன்ப்பா."

கண்ணாடிக்குள் இருந்த அப்பாவின் ரேசர் நின்றுபோனது.

"உனக்கெதுக்கும்மா? வாரத்துல ஒரு நாள் லீவு. படுத்துத் தூங்கு."

"எனக்கும் ஏதாவது நல்ல காரியம் செய்யணும்னு தோணுது."

"திடீர்னா?"

"திடீர்னுதானே தோணும்?"

அதற்கு மேல் தடுக்க அவரிடம் காரணம் இல்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்லவும் முடியாது. கிளம்பும்போது பாப்பா தன் கைப்பேசியின் சத்தத்தை முழுதாக ஏற்றிவைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். கணவன் இன்று கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். கப்பல் கரையை ஒட்டிப் போகிற கொஞ்ச நேரம்தான் அவனுக்கு சிக்னல் கிடைக்கும். அவன் குரலைக் கேட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. கடையில் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்போதுகூட அவளுக்கு அவன் குரல் ஞாபகம்தான்.

*

பூங்காவைப் பராமரிக்கும் தொண்டர்கள் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரையும் மேய்ப்பவர் கோச். ஒரு காலத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். நீச்சல் குளத்தை விட்டு வந்தாலும் விசிலை விடவில்லை. காலையில் ஒரு விசில் ஊதி வேலை பிரிப்பார், நடுவில் தேநீருக்கு ஒன்று, முடிவில் ஒன்று.

அங்கே ஒரு சட்டம் உண்டு. கருவியைத் தொடுகிற எந்த வேலையானாலும் இரண்டு பேர் செய்ய வேண்டும். ஒருத்தர் வேலை செய்தால் ஒருத்தர் பிடிக்க வேண்டும். ஏணியானாலும் சரி, ரம்பமானாலும் சரி. கூட்டத்தில் ஒருவரான பேக்கரிக்காரர் ஒரு தடவை தனியாக ஏணி மேல் ஏறி, ஏணி சரிந்துபோய், கிளையைக் கட்டிப்பிடித்துத் தொங்கிய நாளில் பிறந்த சட்டம் அது. அன்று அவர் தொங்கியதைவிட அதைப் பார்த்தவர்கள் சிரித்ததுதான் அதிக நேரம்.

கையுறைக் கூடையில் எப்போதும் போல இடது கையுறைகளே அதிகமாகக் கிடந்தன. பாப்பா இரண்டு இடது கையுறைகளை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"புது ஆளா? வா வா, வலது கை ஒண்ணு நான் ஒளிச்சு வச்சிருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது.

நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்ட ஒரு பெண்மணி. அப்பாவைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். ரத்த வங்கியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கு அப்புறமும் பக்கத்து கிளினிக்கில் சில மணி நேரம் ரத்தம் எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர். பூங்காவில் எல்லாருக்கும் அவர் 'சிஸ்டர்'. கோச்சுக்கு சிஸ்டர், பேக்கரிக்காரருக்கு சிஸ்டர், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் சிஸ்டர்.

அப்பா ஒருத்தர்தான் அப்படிக் கூப்பிடவில்லை. "இந்தாங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "இங்க பாருங்க, ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு" என்றார். இன்னொரு தடவை வெறுமனே "ஏங்க" என்றார். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டு வாளியைத் தேடப் போனார்.

பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. கண் சோதனைப் பலகையின் கடைசி வரியில் இருக்கும் பொடி எழுத்துகளையே வாழ்க்கை முழுக்கப் பார்க்கிறவளுக்கு இது பெரிய எழுத்து. புரிந்ததும் சிரிப்பு வர வேண்டியது. வரவில்லை.

கோச் விசில் ஊதினார். "குளத்தோரப் பெஞ்சு திரும்பவும் ஆடுது. சிஸ்டர் பிடிச்சா ஆடாம என்ன பண்ணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு தன் உள்ளங்கைகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"இன்னைக்கு அப்பாவும் பொண்ணுமே பெஞ்சைப் பாருங்க. சிஸ்டர், நீங்க பேக்கரிக்காரரோட சேர்ந்து குளத்துல பாசி எடுங்க."

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. "இல்ல கோச்… அவங்களுக்கு அந்த பெஞ்சு பழக்கம்…"

"பெஞ்சுக்கு என்ன சார் பழக்கம்? குதிரையா அது?"

*

பெஞ்சுக்கு முன்னால் அப்பா கருவிப் பெட்டியை இறக்கினார். லிஃப்ட் வேலையில் பழகிய ஒழுங்கு அவரிடம் இன்னமும் இருந்தது. முதலில் 'பழுது, உட்காராதீர்' என்ற அட்டையை மாட்ட வேண்டும். அதன் பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். அவர் அட்டையை எடுக்கக் குனிந்தார்.

"நேத்து சாயங்காலம் உங்களைப் பார்த்தேன்ப்பா."

குனிந்தவரின் கை அப்படியே நின்றது.

"எங்கே?"

"இங்கேதான். இதே ஸ்பேனரோட."

அப்பா மறுக்கவில்லை. அட்டையை எடுக்கவும் இல்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, பின்னங்கால் இரும்பை சிமெண்டுக் கட்டையோடு சேர்க்கும் போல்ட்டைப் பார்த்தார். நட்டை முழுதாகக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மரை தேஞ்சு போச்சு, முடுக்கினா பிடிக்காது. வேற நட்டு போடணும்."

"கழட்டிக் கழட்டி மாட்டினா தேயாதா? எத்தனை வாரமா நடக்குது?"

"மழைக்கு முன்னாடியிலேர்ந்து."

"மழை வந்துட்டுப் போயே எவ்வளவு நாளாச்சு!"

"ஆமா."

"யாராவது விழுந்திருந்தா?"

"விழாது. ஆடும், அவ்வளவுதான். எவ்வளவு தளர்த்தினா ஆடும், எவ்வளவு தளர்த்தினா விழும்னு எனக்குத் தெரியாதா?" அதைச் சொன்னபோது மட்டும் பழைய மெக்கானிக் குரலில் எட்டிப்பார்த்தார்.

"எதுக்குப்பா இதெல்லாம்?"

அப்பா ஸ்பேனரைத் துணியால் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

"நான் முடுக்குவேன். அவங்க பிடிச்சுப்பாங்க. முடிஞ்சதும் ஆடுதான்னு உக்காந்து பார்க்கணும். ரெண்டு பக்கமும் பாரம் வந்தாதானே தெரியும்? ரெண்டு பேரும் உக்காருவோம்."

"உக்காந்து?"

"ஆடலைன்னு அவங்க சொல்வாங்க. ஆமா, ஆடலைன்னு நான் சொல்வேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதுக்கப்புறம் அடுத்த சனிக்கிழமை வரைக்கும் வீட்டுல கடிகாரம் ஓடுறதைக் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

அதைக் கேட்டதும் பாப்பாவுக்குக் கோபம்தான் வந்தது. இரக்கம் அந்தக் கோபத்துக்குப் பின்னால் எங்கோ நின்றது. "அம்மாவுக்காக இந்த மாதிரி ஏதாவது பண்ணியிருக்கீங்களா?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்கம்மா பக்கத்துல இருக்கிறதுக்கு நான் எதையும் கழட்ட வேண்டியிருக்கலையே, பாப்பா. வீட்டுக்கு வந்தா இருப்பா. இருந்தா."

அம்மா இருந்த நாற்காலி, அம்மா மடித்த துணி என்று பாப்பாவின் மனசு எங்கெங்கோ போயிற்று. அவள் பதில் தேடிக்கொண்டிருந்தபோதே கருவிக் கொட்டகைப் பக்கமிருந்து விசில் கேட்டது. தேநீருக்கான விசில். ஆனால் இன்று கொஞ்சம் சீக்கிரமாகவும் நீளமாகவும் ஒலித்தது.

இருவரும் எழுந்து போனார்கள். அட்டை பெட்டியிலேயே கிடந்தது.

*

கொட்டகைக்கு முன்னால் பேக்கரிக்காரர் ஒரு கேக் கொண்டுவந்து வைத்திருந்தார். யாருக்குப் பிறந்த நாள் என்று அப்பா பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

கோச் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர் சொல்ல வேண்டாம்னாங்க. சொல்லாம எப்படி விடறது? நாளைக்குக் காலையில அவங்க தம்பி வண்டி கொண்டு வரார். சிஸ்டர் வீட்டைக் காலி பண்ணிட்டு அவர் ஊருக்கே போறாங்க. இனிமே அங்கேதான். இன்னைக்கு நம்மகூடக் கடைசி சனிக்கிழமை."

எல்லாரும் கைதட்டினார்கள். அவரவர் தட்டி முடித்த பிறகு அப்பா மட்டும் தனியாகத் தட்டினார். யாரோ எழுப்பிவிட்ட மாதிரி விழித்து, நான்கு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார்.

"என் தம்பி ரொம்ப நாளாக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். இப்பதான் சரின்னு தோணிச்சு" என்றார் சிஸ்டர். அப்பா இருக்கும் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

கேக் துண்டுகள் கைமாறின. ஆளாளுக்கு சிஸ்டரிடம் போன் நம்பர் வாங்கினார்கள். அப்பாவிடம் அந்த நம்பர் பல மாதமாக இருக்கிறது. ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. பாப்பா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு துண்டு கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதை எந்தப் பக்கம் கடிப்பது என்று தெரியாதவர் போல அவர் நின்றார். நாளை காலைக்குள் ஏதாவது சொன்னால் உண்டு. சொல்லாவிட்டால் இந்த மனிதருக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இனி இருக்காது.

போய்ச் சொல்லுங்கள் என்று அவரைத் தள்ளிவிடலாம் என்று பாப்பாவுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் அம்மா முகம் வந்து நின்றது. அவள் அசையவில்லை.

அந்த நேரத்தில் சிஸ்டர் தேநீர்க் கோப்பையோடு கூட்டத்தை விட்டு மெதுவாக விலகிக் குளத்தோரமாக நடந்துபோனதை இருவருமே கவனிக்கவில்லை.

முதலில் மரச்சட்டம் இரும்பில் மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு கோப்பை உடைந்தது.

அப்பாதான் முதலில் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓட முடியும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பெஞ்சு பின்பக்கமாகச் சரிந்து கிடந்தது. சிஸ்டர் புல்லில் உட்கார்ந்து இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தாலும் குரல் நிதானமாக இருந்தது.

"பதறாதீங்க. விரல் அசையுது. எலும்பு நகரல. விரிசல் இருக்கலாம், படம் எடுத்துப் பார்த்தாதான் தெரியும்."

கோச் விசிலைப் பல்லில் கடித்தபடியே வந்து சேர்ந்தார். "இந்தப் பெஞ்சை இன்னைக்கு யார் பார்த்தது? அட்டை எங்கே?"

பாப்பா யோசிக்கவே இல்லை. "நான்தான் கோச். எனக்குப் பழக்கம் இல்ல. சரியா முடுக்கல போல."

"இல்ல" என்றார் அப்பா.

சட்டைப் பைக்குள் கையை விட்டு நட்டை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உள்ளங்கையில் வைத்தார். இஸ்திரிச் சட்டையின் பையில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது.

"நான் கழட்டினேன். இன்னைக்கு மட்டும் இல்ல. மழைக்கு முன்னாடியிலேர்ந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான்தான் வந்து தளர்த்தி வச்சுட்டுப் போவேன்."

பேக்கரிக்காரர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றார்.

"ஏன் சார்?" என்றார் கோச்.

அப்பா வாயைத் திறந்தார். சிஸ்டரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கேட்டவர் கோச், பதில் சேர வேண்டியவர் வேறு ஆள் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது. ஒவ்வொருத்தராகத் தரையைப் பார்த்தார்கள்.

சிஸ்டர் அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஊசி போடுறதுக்கு முன்னாடி நாங்க சொல்லிட்டுத்தான் போடுவோங்க. இத்தனை வருஷத்துல நான் யாரையும் சொல்லாம குத்தினதில்ல."

அப்பா தலையைக் குனிந்தார். கோச் கையை நீட்ட, அப்பா கருவிக் கொட்டகைச் சாவியையும் சட்டையில் குத்தியிருந்த தொண்டர் பேட்ஜையும் எடுத்துக் கொடுத்தார்.

டாக்ஸி வந்தது. கூடப் போகலாம் என்று அப்பா ஓர் அடி எடுத்து வைத்தார். சிஸ்டர் இடது கையால் பாப்பாவைக் காட்டினார். "நீ வாம்மா. பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்."

*

எக்ஸ்ரே அறையில் பாப்பாவின் கைப்பேசி அடித்தது.

சிஸ்டரின் முழங்கையைத் தகட்டின் மேல் அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சத்தத்தை முழுதாக ஏற்றிவைத்தது அவளேதான். அந்தச் சின்ன அறை முழுக்க அது அடித்தது. அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது.

வெளியே வந்து பார்த்தபோது ஒரே ஒரு செய்தி இருந்தது. 'சிக்னல் போகுது. அடுத்த துறைமுகத்துல கூப்பிடறேன். சாப்பிட்டியா?'

அடுத்த துறைமுகத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"யாரும்மா? எடுத்திருக்கலாமே."

"என் வீட்டுக்காரர். கப்பல்ல இருக்கார்."

"அடடா. விட்டுட்டு எடுத்திருக்கக் கூடாதா?"

"பிடிச்சுக்கிட்டு இருந்தேனே."

இரண்டு பேரும் ஆஸ்பத்திரி நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மருந்து வாடையும் தரை துடைத்த ஈரமும் சேர்ந்து அடித்தன.

"நிழல்ல அத்தனை பெஞ்சு கிடக்கே. ஏன் அதுல போய் உக்காந்தீங்க?" என்று பாப்பா கேட்டாள்.

"கடைசியா ஒரு தடவை அதுலதான் உக்காரணும்னு இருந்தது."

சொல்லிவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். முகம் கோணியது. வலியால் இல்லை என்பது அடுத்த வார்த்தையில் தெரிந்தது.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் கையில பலம் போயிடுச்சுன்னு நெனச்சேன். மத்தவங்க பிடிச்ச எதுவும் கழண்டு போகல. நான் பிடிச்ச பெஞ்சு மட்டும் வாரா வாரம் ஆடுது. முதல்ல சிரிச்சேன். அப்புறம் இன்னும் இறுக்கிப் பிடிச்சேன். தோள்பட்டை வலிக்கிற அளவுக்குப் பிடிச்சேன். அடுத்த வாரம் போனா திரும்பவும் ஆடுது. எல்லாரும் கேலி பண்றாங்க. வீட்டுக்கு வந்து கையை நீட்டி நீட்டிப் பார்ப்பேன்."

"சிஸ்டர்…"

"கிளினிக்கை விட்டதே அதனாலதான். ஒரு பெஞ்சுக் காலை நேரா பிடிக்க முடியாத கையால ஒரு குழந்தை கையில எப்படி ஊசி ஏத்துறது? யாருக்கும் சொல்லல. முதுகுவலின்னு சொல்லி நின்னுட்டேன். அப்புறம் வீட்டுல சும்மா உக்காந்திருக்க பயமா இருந்தது. கை போச்சுன்னா தனியா எப்படிக் காலம் தள்ளுறது? அதான் தம்பிக்குச் சரின்னு சொன்னேன்."

வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக அப்பா செய்த காரியம், சிஸ்டரை ஊரை விட்டே கிளப்பிவிட்டிருக்கிறது.

"கையில ஒண்ணும் இல்லைன்னு இப்பத் தெரிஞ்சுடுச்சே" என்றாள் பாப்பா.

"தெரிஞ்சுடுச்சு. கோபமா வருது. இந்தக் கையை நானே சந்தேகப்பட வச்சுட்டாரே." சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொள்ள வலது கையைத் தூக்கப் போய், வலித்ததும் இடது கையால் துடைத்தார். "அதுல ஒரு கொடுமை பாரு. சனிக்கிழமைக்காக நானும்தான் வாரம் பூரா காத்துக்கிட்டு இருந்தேன்."

மணிக்கட்டில் மயிரிழை போல ஒரு விரிசல், கட்டுப் போட்டால் கூடிவிடும் என்றார் டாக்டர். பாப்பா சிஸ்டரை அவர் வீட்டில் கொண்டுவிட்டாள். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். எல்லாவற்றையும் கட்டியாகிவிட்டது. ஒரு கோப்பையும் ஒரு தலையணையும் மட்டும் வெளியில் இருந்தன.

வாசலில் சிஸ்டர் அவள் கையைப் பிடித்தார். "கை விஷயத்தை உங்கப்பாகிட்ட சொல்லாதே. தாங்க மாட்டார்."

பாப்பா தலையாட்டினாள். சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், வருகிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

*

அப்பா சமையலறையில் உட்கார்ந்திருந்தார். காலையில் அவள் வைத்துவிட்டுப் போன சாப்பாடு மூடி திறக்காமல் இருந்தது.

"கை எப்படியிருக்கு?"

"சின்ன விரிசல்தான். கட்டுப் போட்டிருக்காங்க."

"வலிக்குதாமா?"

"வலிக்குது."

பாப்பா நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தாள். சொல்லாமல் இருப்பது சுலபம். நாளைக் காலையில் வண்டி வரும், போகும். வீட்டில் அம்மாவின் நாற்காலி அப்படியே இருக்கும். அவள் ஆசைப்பட்டதும் அதுதானே?

அவள் சொன்னாள். கேலியில் ஆரம்பித்து, நீட்டி நீட்டிப் பார்த்த கை, விட்டுவிட்ட கிளினிக், தம்பிக்குச் சொன்ன சம்மதம் வரை ஒன்றையும் மறைக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடியாமல் மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

நிமிர்ந்தபோது அப்பா அழுதுகொண்டிருந்தார். அம்மாவைக் கொண்டுபோன அன்றுகூட அவர் அவள் முன்னால் அழுததில்லை.

"நான் பாவி பாப்பா. ஒரு லிஃப்ட்டைக்கூட நான் சொல்லாம நிறுத்தினதில்ல. ஒரு மனுஷியோட கையைப் போய்…"

"அவங்ககிட்ட பேசுங்க."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுறது?"

"இருக்கிற மூஞ்சியை வச்சுக்கிட்டுத்தான்."

"உனக்கு?" என்று கேட்டார். கேட்க வேண்டியதை ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டார்.

பாப்பா பொய் சொல்லவில்லை. "எனக்கு மனசு ஒப்பல. அம்மா இடத்துல இன்னொருத்தரை நெனச்சுப் பார்க்க இன்னும் முடியல. எப்ப முடியும்னும் தெரியல." கைப்பேசியை எடுத்து மேஜையில் அவர் பக்கமாகத் தள்ளினாள். "இன்னைக்குக் கப்பல்லேர்ந்து அவர் கூப்பிட்டார். எடுக்க முடியல. இனி ரெண்டு வாரம் நான் தவிக்கணும். எனக்குப் பேச ஆள் இருக்கு, லைன் இல்ல. உங்களுக்கு லைன் இருக்குப்பா. நாளைக்குக் காலை வரைக்கும் இருக்கு."

அப்பா அவளுடைய கைப்பேசியை எடுக்கவில்லை. தன்னுடையதை எடுத்தார். பல மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்த நம்பரை அழுத்தினார். எழுந்து நின்றுகொண்டார்.

அந்தப் பக்கம் எடுத்தது தெரிந்தது. அப்பா பேச ஆரம்பித்தார்.

"நான்தாங்க… உங்க கையில ஒரு குறையும் இல்லைங்க. ஒவ்வொரு வாரமும் நீங்க பிடிச்ச பிடி மாதிரி என் வேலையில எந்த ஆளும் பிடிச்சதில்ல. குறை பூரா எங்கிட்ட. நீங்க கிளினிக்குக்குத் திரும்பிப் போகணும். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

நிறுத்தினார். இத்தோடு வைத்துவிடுவார் என்று பாப்பா நினைத்தாள். அவருடைய கட்டைவிரல்கூட வைப்பதற்காக நகர்ந்தது.

"இல்லைங்க. அதுக்கு மட்டும் கூப்பிடல" என்றார். குரல் உடைந்தது. "போகாதீங்க."

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று பாப்பாவுக்குக் கேட்கவில்லை. அப்பா ஒரு கையால் மேஜையின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல், வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.